பனி பெய்ய வேண்டிய இடத்தில் மழை: துருவமும் கொல்லிமலையும்

கொல்லிமலையில் விளையும் கேழ்வரகுக்கும் வட துருவத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் தொடர்பு இருக்கிறது. அது ஒரு விதைப் பெட்டகத்தில் தொடங்குகிறது.

நார்வே நாட்டுக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகள் வட துருவத்திலிருந்து சுமார் 1,300 கி.மீ. தொலைவில் இருக்கின்றன. அங்கே ஒரு மலையைக் குடைந்து, உலக நாடுகளின் பயிர் விதைகளைப் பாதுகாக்கும் பெட்டகம் ஒன்றை 2008 பிப்ரவரி 26 அன்று திறந்தார்கள். போராலோ வெள்ளத்தாலோ ஒரு நாட்டின் விதைச் சேமிப்பு அழிந்துபோனால், அதன் மறுபிரதி இங்கே இருக்க வேண்டும் என்பதே நோக்கம். விதை அறைகளின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. மின்சாரம் நின்றாலும் விதை கெடாது, ஏனென்றால் சுற்றியுள்ள மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் இயங்கும் இக்ரிசாட் நிறுவனம், கேழ்வரகு உள்ளிட்ட சிறுதானிய விதைகளின் மாதிரிகளை அங்கே அனுப்பி வைத்திருக்கிறது.

2016 அக்டோபரில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பனி பெய்ய வேண்டிய பருவத்தில் ஸ்வால்பார்ட்டில் பலத்த மழை பெய்தது. வழக்கத்தை மீறிய வெப்பமும் சேர்ந்துகொண்டது. பெட்டகத்தின் நுழைவுச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து, சுமார் 15 மீட்டர் தூரம் உள்ளே போய், அங்கேயே கட்டியாக உறைந்தது. விதை அறைகள் மலைக்குள் இன்னும் ஆழத்தில் இருந்ததால் ஒரு விதைக்கும் சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ். பிறகு நுழைவுச் சுரங்கத்தை நீர் புகாத கான்கிரீட்டில் புதிதாகக் கட்டினார்கள். 'உலகின் கடைசி நாளுக்கான பெட்டகம்' என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டிய கட்டடம் அது. (கியாமத் நாளைப் பற்றிய அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே இருக்க, ஒரு கிடங்குக்கு இப்படிப் பெயர் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்பது தனி விஷயம்.) திறந்து ஒன்பது ஆண்டுகூட ஆகாத நிலையில் அதற்கு மராமத்து தேவைப்பட்டது.

உலகம் சூடாவதைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் வெயிலைத்தான் நினைக்கிறோம். மழையும் பனியும் மாறுவதுதான் அதைவிடப் பெரிய செய்தி.

காற்றின் கணக்கு

சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. இது பௌதிக விதி, யாருடைய அரசியலும் அல்ல. காற்று இப்படி அதிகம் சுமந்தால், கொட்டும்போதும் அதிகமாகவே கொட்டும். கொட்டி முடித்த காற்று மறுபடி நிறைவதற்கு நாள் பிடிக்கும். ஆகவேதான் ஒரே ஊரில் வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வருகின்றன. ஐ.நா.வின் காலநிலை நிபுணர் குழு 2021ல் வெளியிட்ட அறிக்கையின்படி, முன்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை வந்த பெருமழை இப்போது ஏறத்தாழ 1.3 மடங்கு அடிக்கடி வருகிறது.

ஆர்க்டிக் என்னும் வட துருவப் பகுதியில் இந்தக் கணக்கு இன்னும் வேகமாக ஓடுகிறது. 1979க்குப் பிறகு அப்பகுதி உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. வெண்பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். பனி உருகி, கறுத்த கடலும் மண்ணும் வெளியே தெரிந்தால் அவை வெப்பத்தை உள்வாங்கும். அதனால் இன்னும் பனி உருகும். வேகத்துக்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

2021 ஆகஸ்ட் 14 அன்று கிரீன்லாந்து பனிப்படலத்தின் உச்சியில், கடல் மட்டத்துக்கு மேல் 3,200 மீட்டர் உயரத்தில், மழை பெய்தது. அங்குள்ள ஆய்வு நிலையத்தின் பதிவுகளில் அதற்குமுன் மழை என்ற சொல்லே இல்லை. அந்த மூன்று நாட்களில் கிரீன்லாந்துப் பனியின் மேல் விழுந்த மழைநீர் சுமார் 700 கோடி டன். இந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆர்க்டிக்கின் பல பகுதிகளில் பனியைவிட மழையே மிகுந்துவிடும், அதுவும் முன்பு எண்ணியதைவிடப் பத்து இருபது ஆண்டுகள் முன்னதாகவே நடக்கும் என்று அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

தென் துருவத்தின் நடுப்பகுதி இன்னும் கடுங்குளிரில்தான் இருக்கிறது. அங்கே வரும் கூடுதல் ஈரம் பனியாகவே விழும். 2022 மார்ச்சில் கடலிலிருந்து ஈரக்காற்று ஆறுபோல உள்நாட்டுக்குள் பாய்ந்தபோது, கிழக்கு அண்டார்டிகாவில் வெப்பநிலை வழக்கத்தைவிட 40 டிகிரி அளவுக்கு ஏறியது, கடும் பனிப்பொழிவும் சேர்ந்து வந்தது. 'உலகம் சூடாகிறது என்கிறீர்கள், அங்கே பனி அதிகம் கொட்டுகிறதே' என்று கேட்கும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு இதுவே பதில்.

பனி ஒரு தண்ணீர்த்தொட்டி

தமிழில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனிதான், இமயத்தில் கொட்டுவதும் பனிதான். அரபியில் அப்படியில்லை. தொழுகையின் தொடக்கத்தில் ஓதுவதற்கு ஹதீஸ்களில் வந்துள்ள துஆக்களில் ஒன்றில், பாவங்களைக் கழுவுமாறு கேட்கும்போது தண்ணீர், ஸல்ஜ் என்னும் உறைபனி, பரத் என்னும் ஆலங்கட்டி ஆகிய மூன்றும் தனித்தனியாக வருகின்றன. மத்ரஸாவில் மனப்பாடம் செய்த நம்மில் பெரும்பாலோர் ஸல்ஜைக் கண்ணால் கண்டதில்லை.

பனிக்கும் மழைக்கும் உள்ள வேறுபாடு நிறத்தில் மட்டும் இல்லை. மழை விழுந்த நிமிடமே ஓடத் தொடங்கும். பனி விழுந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடந்து, வசந்தத்தில் சிறிது சிறிதாக உருகி ஆற்றுக்கு வரும். கட்டணமில்லாத நீர்த்தேக்கம் அது. அதே நீர் மழையாக வந்தால் தேக்கம் போய் வெள்ளம் வருகிறது.

பனியின் மேல் மழை விழுந்தால் வேறொரு துன்பம். அந்த நீர் இறுகி, நிலத்தின் மேல் கண்ணாடிபோல ஒரு மூடி போட்டுவிடும். பனியைக் குளம்பால் கிளறி அடியிலுள்ள பாசியைத் தின்னும் கலைமான்களுக்கு அந்த மூடியை உடைக்க முடியாது. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் அப்படி மழை பெய்து உறைந்ததில் ஏறத்தாழ 61,000 கலைமான்கள் பட்டினியால் மடிந்தன. அவற்றை மேய்த்துப் பிழைக்கும் நெனெத்ஸ் பழங்குடிக் குடும்பங்கள் ஒரே பருவத்தில் மந்தையை இழந்தன.

இதையெல்லாம் இந்தியாவும் கவனிக்கிறது. ஸ்வால்பார்ட்டின் நி-ஆலசுண்ட் என்ற இடத்தில் 2008 ஜூலை முதல் நம் நாட்டின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இயங்குகிறது. கோடையில் மட்டும் போய்வந்த இந்திய விஞ்ஞானிகள், 2023 டிசம்பரில் முதன்முறையாகக் குளிர்கால ஆய்வுக்கும் புறப்பட்டார்கள். துருவக் காற்றின் மாற்றம் நம் பருவமழையையும் தொடக்கூடும் என்பதால் இது வெறும் ஆர்வத்துக்கான பயணம் அல்ல.

நம் நாட்டிலேயே பனி நிலம் உண்டு. ஆண்டு முழுவதும் சேர்ந்தும் 10 செ.மீ. அளவே மழை காணும் லடாக்கில், 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவுக்குப் பின் கொட்டிய மழையில் லே நகரும் சுற்றுக் கிராமங்களும் சேற்றில் புதைந்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்குள்ள வீடுகள் பச்சைமண் கல்லால் கட்டி, தட்டையான மண்கூரை போட்டவை. குளிருக்கும் வறட்சிக்கும் ஏற்ற அறிவான கட்டடக்கலை அது, ஆனால் மழை அந்தக் கணக்கில் இல்லை.

காயல்பட்டினம் முதல் ஊத்தங்கரை வரை

தமிழகத்தில் உறைபனி இல்லை, ஆனால் காற்றின் கணக்கு ஒன்றுதான். காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தமிழகம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழை சுமார் 92 செ.மீ. அதாவது ஓராண்டுக்கான மழை ஒரே நாளில். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட பயணிகளுக்குப் பக்கத்துக் கிராமத்தார் உணவு கொடுத்ததை நாடே பார்த்தது.

அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தும் நகராமல் நின்று, மறுநாள் காலைக்குள் மயிலத்தில் 51 செ.மீ. கொட்டியது. பிறகு வலுவிழந்து உள்நாட்டுக்குள் நகர்ந்து, கடலைப் பார்த்திராத ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரு நாளில் 50 செ.மீ. பெய்தது. ஏற்காட்டில் 24 செ.மீ. பதிவாகி மலைப்பாதைகள் அறுந்தன. திருவண்ணாமலையில் டிசம்பர் 1 அன்று மலைச்சரிவு வீடுகளின் மேல் இறங்கி ஏழு உயிர்கள் போயின.

ஒரு தனி மழையை எடுத்து, இது வெப்பமாதலால்தான் வந்தது என்று முத்திரை குத்துவது நியாயமல்ல. எல் நினோ, கடலின் அன்றைய நிலை, புயல் நின்ற இடம் என்று பல காரணங்கள் சேர்கின்றன. ஆனால் சூடான கடலின் மேல் உருவாகும் ஒவ்வொரு புயலும் முன்பைவிடக் கனமான தண்ணீர்க்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறது என்பதில் சந்தேகமில்லை. புயல் கடலோரத்து விஷயம் என்ற பழைய எண்ணத்தை ஊத்தங்கரை முடித்துவைத்தது. ஏற்காடு, கல்வராயன், கொல்லிமலை எல்லாம் ஒரே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பிள்ளைகள்.

கொல்லிமலை எதைக் கொண்டு நீரைப் பிடிக்கிறது

பெருநாள் விடுமுறையில் நாமக்கல், ராசிபுரம், சேலம் பக்கத்து நம் குடும்பங்கள் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய், ஆகாய கங்கையில் குளித்துவிட்டு, மிளகும் அன்னாசியும் வாங்கித் திரும்புவது வழக்கம். அந்த அருவியை வெயில் மாதங்களிலும் உயிரோடு வைத்திருப்பது எது? மழை நின்று வாரங்கள் ஆன பிறகும் அய்யாற்றில் நீர் வருகிறதென்றால், மேலே சோலைக்காட்டின் வேரும் சருகும் மண்ணும் அதைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன என்று பொருள். துருவத்தில் பனி செய்யும் வேலையைக் கொல்லிமலையில் காட்டு மண் செய்கிறது. அங்கே பனி போகிறது, இங்கே மண் போகிறது. இரண்டு இடத்திலும் இழப்பது ஒன்றுதான்: வந்த நீரைத் தங்கவைக்கும் திறன்.

மண் ஏன் போகிறது? கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விதைத்து வந்தார்கள். சாமையில் மட்டும் மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை என்று பல ரகங்கள். ஒன்று சீக்கிரம் முதிரும், இன்னொன்று மெலிந்த மண்ணிலும் வரும். மழை முந்தினாலும் பிந்தினாலும் ஏதாவது ஒன்று வீடு வந்து சேரும். பிறகு சேலம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளின் தேவை பெருகியது. சரிவெல்லாம் மரவள்ளி ஏறியது. மரவள்ளியைக் கிளறிப் பிடுங்கித்தான் அறுவடை செய்ய வேண்டும். நெருக்கமாக நிற்கும் சாமையின் சல்லிவேர் மண்ணைக் கட்டிப்பிடிக்கும், மரவள்ளிக்காட்டில் செடிக்குச் செடி வெற்றுமண். அதன் மேல் ஒரு மாத மழை இரண்டு நாளில் இறங்கினால் மேல்மண் சேறாகி ஓடையில் போகும்.

இதற்காக அந்த விவசாயியைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. மரவள்ளி கையில் காசு தந்தது, பிள்ளையைப் படிக்கவைத்தது. சாமையோ விற்காது. உமி நீக்க வீட்டுப் பெண்கள் உரலில் மணிக்கணக்கில் குத்த வேண்டும். அந்த உழைப்பைப் பார்க்காமல் பாரம்பரியத்தின் பெருமையைப் பேசுவது நகரத்துக்காரரின் வசதி.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் வேலை தொடங்கியபோது இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. விதையைக் காப்பாற்று என்று அறிவுரை சொல்வதோடு நிற்காமல், உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது. மகளிர் குழுக்கள் மாவாகவும் அரிசியாகவும் பாக்கெட் போட்டு விற்கப் பழகின. கூடவே சமூக விதை வங்கிகள் அமைந்தன. விதைப்புக் காலத்தில் விதை வாங்கிச் செல்பவர், அறுவடையானதும் வாங்கியதைவிடச் சற்றுக் கூடுதலாகத் திருப்பித் தருவார். கொடுக்கல் வாங்கல் எல்லாம் விதையிலேயே நடக்கும். இதற்கு முன்பும் அம்மக்களிடம் சேமிப்பு இருந்தது. மண் பூசிய தொம்பைகளில் தானியத்தை வைத்திருந்தார்கள்.

ஸ்வால்பார்ட்டில் விதை உறங்குகிறது, கொல்லிமலையில் ஆண்டுதோறும் முளைக்கிறது. இரண்டும் தேவை. சிரியாவின் அலெப்போ அருகே இருந்த இகார்டா விதை வங்கி போரால் கைவிட்டுப்போனபோது, 2015ல் ஸ்வால்பார்ட்டிலிருந்து ஏறத்தாழ 38,000 மாதிரிகளைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பெட்டகத்திலிருந்து வெளியே எடுத்த முதல் விதைகள் அவையே. கோதுமை, பார்லி, பயறு வகைகளை லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017ல் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார்கள். ஆனால் உறைந்த விதைக்குப் புதிய மழையைத் தெரியாது. மாறும் பருவத்துக்கு ஏற்ப மாறுவது வயலில் நிற்கும் பயிர்தான்.

மழையும் அளவும்

மழையைப் பற்றிப் பேசும்போது திருக்குர்ஆன் 43:11, 23:18 ஆகிய வசனங்கள் 'அளவு' என்பதைச் சேர்த்தே பேசுகின்றன. 23:18ல் இன்னொரு செய்தியும் உண்டு. அளவோடு இறக்கிய நீரைப் பூமியில் தங்கவைப்பதையும், அதைப் போக்கிவிடும் ஆற்றலையும் அல்லாஹ் அங்கே குறிப்பிடுகிறான். இறங்குவதோடு பேச்சு முடியவில்லை, தங்குவதும் அருளாகச் சொல்லப்படுகிறது. தங்கவைக்கும் மண்ணை நாம் கரைத்துவிட்டு மழையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி?

சொற்களையும் கவனிக்கலாம். குர்ஆனில் 'மதர்' என்ற சொல் தண்டனையாக இறங்கியதைக் குறிக்கவே வருகிறது, அருள்மழையை அரபியர் 'கைஸ்' என்பார்கள் என்று இமாம் சுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்) சொன்னதை ஸஹீஹ் புகாரி பதிவு செய்திருக்கிறது. போர்க்களத் தொழுகையைப் பற்றிய 4:102ல் மட்டும் மதர் என்பது மழையின் சிரமத்தைக் குறித்து வருவதை அறிஞர்கள் சுட்டியிருக்கிறார்கள். ஒரே தண்ணீர்தான். அதை அருள் என்பதா, துன்பம் என்பதா என்பது அது வந்து சேரும் விதத்தைப் பொறுத்தது.

பஞ்சம் என்பது மழை பெய்யாமல் போவதல்ல, மழை பெய்துகொண்டே இருந்தும் பூமி எதையும் முளைப்பிக்காமல் இருப்பதே பஞ்சம் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி, அபூஹுரைரா (ரலி) அறிவிப்பாக ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மேல்மண் கழுவப்பட்ட சரிவைப் பார்த்தவர்களுக்கு இந்த ஹதீஸுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

வெள்ளம் வந்ததும் சிலர் மிம்பரிலிருந்து 'அந்த ஊர்க்காரர்களின் பாவம்' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சேற்றில் புதைந்த குழந்தைகளின் பெற்றோர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்ற நினைவு வேண்டாமா? மேகம் கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறும், உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த அச்சம் தம்மையும் சேர்த்து எண்ணிய அச்சம், பிறரை நோக்கி நீட்டிய விரல் அல்ல.

அனஸ் (ரலி) அறிவிக்கும் புகாரியின் சம்பவம் பலருக்கும் தெரிந்ததே. ஜும்ஆ உரையின்போது ஒருவர் வந்து, பொருள்கள் அழிவதாகவும் வழிகள் அறுபட்டதாகவும் சொல்லி மழைக்காக துஆ செய்யக் கேட்டார். ஒரு வாரம் சூரியனே தெரியாதபடி மழை பெய்தது. அடுத்த ஜும்ஆவில் ஒருவர் எழுந்து சொன்ன முறையீடும் அதே சொற்களில்தான்: பொருள்கள் அழிகின்றன, வழிகள் அறுபட்டன. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே புகார். அப்போது நபி (ஸல்) அவர்கள், மழை நின்றுவிடட்டும் என்று கேட்கவில்லை. தங்கள் மேல் இல்லாமல் தங்களைச் சுற்றியும், மேடுகள், மலைகள், ஓடைப் பள்ளத்தாக்குகள், மரம் முளைக்கும் இடங்கள் ஆகியவற்றின் மேலும் பெய்யட்டும் என்று கேட்டார்கள். எந்த நிலம் மழையைத் தாங்குமோ அந்த நிலத்தின் பட்டியல் அது.

மலையில் மழை எச்சரிக்கை உள்ள நாட்களில் பயணத்தைத் தள்ளிவைப்பது ஈமானின் குறைவு அல்ல. சேறும் மழையுமான ஒரு ஜும்ஆ நாளில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கில் அறிவிக்கச் சொன்ன இப்னு அப்பாஸ் (ரலி), தம்மைவிடச் சிறந்தவர் அதைச் செய்திருப்பதாக நபி (ஸல்) அவர்களையே ஆதாரம் காட்டினார்கள். இடி மின்னலோடு மழை கொட்டும்போது கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஏற்றுபவர்களும், தடையை மீறி அருவிக்கு இறங்குபவர்களும் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

மலைக்குப் போய்வருபவர்கள் மிளகோடு ஒரு பை சாமையும் வாங்கிவரலாம். வாங்க ஆள் இருந்தால்தான் அது சரிவில் நிற்கும். நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசிக் குருணை போடும் இடத்தில் சாமை அரிசியைப் போட்டுக் காய்ச்சினால் நன்றாகக் குழையும். அரிசியைவிடச் சீக்கிரம் வெந்துவிடும், ஆகவே வெந்தயமும் பாசிப்பருப்பும் பாதி வெந்த பிறகு சேர்த்தால் போதும்.